ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொதிக்கும் வண்டி

ஊரில் என்னை வெந்நீர் வடிவேல் என்பார்கள். பேர் வைத்தவன் என் பட்டறைக்கு எதிரே டீக்கடை போட்டிருக்கும் சாமிக்கண்ணு. அதற்குக் காரணம் நான் இல்லை, லூயி முசேயின் வண்டி. ஆனால் வண்டிக்குப் பட்டப்பேர் வைத்தால் அது கோபப்படாது. நான் படுவேன். அதனால் எனக்கு வைத்துவிட்டான்.

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம்தான். என் மனைவி ஆதிலட்சுமியைக் கேட்டால் கொஞ்சம் இல்லை என்பாள். இருக்கட்டும். வில்லியனூர் சாலையில், ஊர் முடிந்து மூலக்குளம் வருவதற்குச் சற்று முன்னால் என் பட்டறை. பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து கார் வேலை பார்க்கிறேன். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். இது பெருமைக்காகச் சொல்வதில்லை. சரி, பெருமைக்காகவும்தான்.

முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. லூயி முசே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து, சைகோன் வரை போய்வந்து, பென்ஷனோடு உட்கார்ந்தவர். பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். ஐம்பத்து நான்கில் கொடி மாறியபோது கப்பலேறிய ஒரு துரையிடமிருந்து கறுப்புப் பிரெஞ்சு வண்டி ஒன்றை வாங்கினார். ஸ்டியரிங் இடது பக்கம். அவரும் அவர் மனைவி மதாம் ஃபிரான்சுவாஸும் வண்டியில் போனால் ஏதோ கவர்னர் போகிறாற்போல இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் திருநாளும் வந்தால் கம்பளித் துணியில் தைத்த கறுப்புக் கோட்டு, டை, தொப்பி இல்லாமல் முசே வாசல்படி தாண்ட மாட்டார். சித்திரை வெயிலானாலும் சரி.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஜனவரி இரண்டாம் தேதி காலையில் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"வடிவேலு, நேத்து வருஷப் பொறப்பு. பெரியவங்க வீட்டுக்கெல்லாம் போய்ட்டு வரலாம்னு கெளம்பினோம். கடற்கரைச் சாலையில பாதி தூரம்கூடப் போகல, புஸ்ஸுனு ஆவி. ஊரே பாக்குது. கோட்டுப் போட்டுக்கிட்டு நான் வண்டியத் தள்றேன், மதாம் ஸ்டியரிங்கைப் புடிக்கறா."

"இதென்ன பெரிய விஷயம் முசே. சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க" என்றேன். அந்த வாயைத்தான் பிறகு நாலு மாதம் நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

வண்டி கொதித்தால் பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா? இருந்தது. குழாய்கள் கசிகிறதா? இல்லை. விசிறியைச் சுற்றுகிற பெல்ட் கொஞ்சம் தொய்ந்திருந்தது, இழுத்துக் கட்டினேன். ரேடியேட்டரைக் கழற்றிச் சலவைச் சோடா கரைத்து ஊற்றி அலசினேன். முதலில் செங்கல் நிறத்தில் வந்தது, பிறகு கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிந்தது. வில்லியனூர் வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். ஒரு பொட்டு ஆவி இல்லை. முசே சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார்.

பிப்ரவரியில் அவர் சொந்தக்காரர் வீட்டில் ஞானஸ்நானம். மறுநாள் வண்டி மறுபடி என் வாசலில் நின்றது. "கோயில்லேர்ந்து விருந்துக்குப் போற வழியில கொதிச்சுட்டுது. குழந்தைக்கு ஊத்தின தண்ணியவிட வண்டிக்கு ஊத்தினது ஜாஸ்தி" என்றார் முசே. சிரிக்காமல் சொன்னார்.

இந்தத் தடவை தெர்மோஸ்டாட்டைக் கழற்றினேன். தண்ணீர் சூடானதும் தானாகத் திறந்து வழிவிடுகிற சின்னக் கதவு அது. திறக்காமல் ஒட்டிக்கொண்டால் இன்ஜின் கொதிக்கும். அதைச் சோதிக்கச் சுடுதண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். வீட்டு அடுப்பில் ஏதோ பாத்திரம் காலியாக இருந்தது, அதில் போட்டுக் கொதிக்கவிட்டேன். சமர்த்தாகத் திறந்தது. பின்னால் ஆதிலட்சுமி நின்றிருந்தாள்.

"அது ரசம் வைக்கிற ஈயச் சொம்பு."

"கழுவிக் குடுத்துடறேன்."

"நீங்களே வெச்சுக்குங்க. நாளையிலேர்ந்து உங்களுக்கு கிரீஸ் ரசம்" என்றாள். புதுச் சொம்பு வாங்கும்வரை மூன்று நாள் ரசமே கிடையாது.

குருத்து ஞாயிறு அன்று மறுபடி கொதித்தது. சிலிண்டர் தலையைக் கழற்றி, கசிவை அடைக்கிற கேஸ்கட்டைப் புதிதாக வைத்தேன். அதற்கடுத்த வாரம் ஈஸ்டர். ஈஸ்டர் அன்றும் கொதித்தது. இவ்வளவுக்கும் ஒவ்வொரு தடவையும் முசே வண்டியைத் தானேதான் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். வரும்போது கொதிக்கவில்லை. நான் ஓட்டும்போது கொதிக்கவில்லை. அவர் திரும்பி எடுத்துப் போகும்போதும் கொதிக்கவில்லை. எனக்குத் தெரியாமல் என் முதுகுக்குப் பின்னால்தான் கொதித்தது.

அப்போதுதான் சாமிக்கண்ணு திருவாய் மலர்ந்தான். "எங்கிட்ட டீக்குத் தண்ணி சுட வெக்க விறகு வேணும். வடிவேலுக்கு வண்டியே போதும்." கடையில் பத்துப் பேர் சிரித்தார்கள். மறுநாளே வெந்நீர் வடிவேல் ஆகிவிட்டேன். லாரிக்காரன் ஒருத்தன் பட்டறைக்குள் வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "குளிக்க ஒரு அண்டா கெடைக்குமாண்ணே?" என்றான். ஸ்பேனரைத் தூக்கி எறிந்தேன். அவன் மேல் படவில்லை, என் கண்ணாடி பீரோ மேல் பட்டது. வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் வேறு பட்டறை பார்த்துக்கொண்டார்கள். இருபது வருஷமாகச் சேர்த்த பேர், ஒரு பிரெஞ்சு வண்டியின் ஆவியோடு போய்க்கொண்டிருந்தது. ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. இதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

ஈஸ்டருக்குப் பிறகு முசே வந்தபோது உட்காரக்கூட இல்லை.

"வடிவேலு, மே மாசம் செசில் வர்றா. கொழும்பு வரைக்கும் கப்பல், அங்கேர்ந்து போட் மெயில் ரயிலு. புதன்கிழமை காலையில விழுப்புரத்துல எறங்குறா. பேரனையும் கூட்டிக்கிட்டு. நாலு வருஷமாச்சு அவளைப் பாத்து. வண்டியோட ஸ்டேஷன்ல நிப்பேன்னு எழுதிட்டேன். நடுவழியில நான் ஆவி விட்டுக்கிட்டு நின்னா, என் பொண்ணு சின்னப் புள்ளையோட பிளாட்பாரத்துல தனியா நிப்பா. உன்னால முடியலன்னா சொல்லிடு. கடலூர்ல ஒருத்தன் இருக்கானாம்."

கடலூர்! என் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருக்கலாம். "அந்த வண்டி இனிமே கொதிச்சுதுன்னா என் பட்டறை போர்டை நானே இறக்கி அடுப்புல வெக்கறேன் முசே" என்று சொல்லிவிட்டேன். சாமிக்கண்ணு எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

செசிலை எனக்குத் தெரியும். பாவாடை கட்டிய காலத்தில் அப்பாவோடு பட்டறைப் பக்கம் வந்தால், அங்கே நிற்கிற ஏதாவதொரு வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து ஹாரனை விடாமல் அடிப்பாள். நான் கத்தினால் நாக்கை நீட்டுவாள். கல்யாணமாகிப் புருஷனோடு பிரான்சுக்குப் போய், வடக்கே எங்கோ பனி கொட்டுகிற ஊரில் இருந்தாள்.

பாரம்தான் காரணமோ என்று ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகிறார்கள், என்னிடம் வரும்போது தனியாக வருகிறார் அல்லவா? ஆகவே சாமிக்கண்ணுவின் கடையிலிருந்து நல்ல கனமான ஆட்களாக நாலு பேரைப் பொறுக்கி வண்டியில் ஏற்றினேன். மடியில் ஆளுக்கொரு மணல் மூட்டை. உச்சி வெயிலில் வில்லியனூர் போய்த் திரும்பினேன். நாலு பேரும் வேர்த்து நனைந்து இறங்கினார்கள். வண்டி மட்டும் குளித்துவிட்டு வந்த மாதிரி குளுகுளுவென்று நின்றது.

அன்றிரவு சாப்பிடும்போது ஆதிலட்சுமிதான் கேட்டாள். "எந்தெந்த நாள்ல கொதிச்சுது?"

"வருஷப் பொறப்பு, ஞானஸ்நானம், குருத்து ஞாயிறு, ஈஸ்டர். நடுவுல ரெண்டு மூணு ஞாயிறு."

"நல்ல நாள்ல மட்டும் கெட்டுப் போகுது. உங்க தம்பி மாதிரி."

"சும்மா இரு."

"அந்த நாள்ல நீங்க அந்த வண்டியப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. ஞாயிறு என்றால் நான் காலையிலேயே தேங்காய்த்திட்டுக்குப் போய் மீன் ஏலத்தில் நின்றுவிடுவேன். அதைவிட்டால் எனக்கு வாரத்தில் வேறு சந்தோஷம் கிடையாது.

"இந்த ஞாயிறு மீன் நான் வாங்கிக்கறேன். நீங்க போய் வண்டியப் பாருங்க. நோய் வந்தவனை நோய் வர்ற நேரத்துல பாக்கணும்" என்றாள். இருபது வருஷ அனுபவம் எனக்கு. யோசனை அவளுக்கு. கோபம் வந்தது, ஆனால் போனேன்.

சம்பா கோயில் என்கிற மாதா கோயில் வாசலில் பூசை முடிகிற நேரத்துக்கு நின்றேன். செசில் வருவதற்கு மூன்றே நாள் பாக்கி. கத்திரி வெயில் காலையிலேயே மண்டையைப் பிளந்தது. ஜனங்கள் வெளியே வந்தார்கள். முசே கோட்டும் தொப்பியுமாக வந்து, மதாமைப் பின்சீட்டில் ஏற்றி, வண்டியைக் கிளப்பி மெதுவாக வாசலுக்குக் கொண்டுவந்தார். நான் வண்டியின் முகத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன்.

முன்பக்கம் காற்று உள்ளே போகிற கம்பி வலை முழுவதையும் மூடி ஒரு தோல் உறை! பழுப்பு நிறம். சுற்றிலும் அழகான தையல், எட்டுப் பித்தளைப் பொத்தான். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள் போல, அப்படி மின்னியது. ஈ நுழைய இடமில்லை, காற்று எங்கே நுழையும்?

நடுத்தெருவில் கையை விரித்து வண்டியை மறித்தேன். "முசே! இது என்னா?"

"எது? ஓ, அதுவா!" அவர் முகமெல்லாம் பூரித்துப் போனது. "நீ இப்பதான் பாக்கறியா? பிரான்சுல எல்லா வண்டிக்கும் இப்படித்தான் போடறாங்க. இங்க நம்ம ஊர்ல என் வண்டி ஒண்ணுக்குத்தான் இருக்கு."

"இது எப்ப வந்துது?"

"டிசம்பர் கடைசியில."

"இது எப்பவும் வண்டியிலயேதான் இருக்குமா?"

"சே, சே. நல்ல நாள்ல மட்டுந்தான். பட்டறைக்கு வரும்போது கழட்டிப் போர்வையில சுத்தி பீரோவுல வெச்சுட்டுத்தான் வருவேன். உன் எண்ணெக் கை பட்டுடுச்சுன்னா என்னா ஆவறது?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே கோபமாக மாறிவிட்டது. நாலு மாதம்! பெல்ட், ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், கேஸ்கட், ரசச் சொம்பு, மணல் மூட்டை, வெந்நீர்! எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"எந்தப் புத்தி கெட்ட ஜென்மம் முசே இதை உங்க தலையில கட்டினது? பனி பெய்யற ஊர்ல இன்ஜின் வெறச்சுப் போவாம இருக்க மூடற உறை இது! கத்திரி வெயில்ல வண்டியோட மூக்கைப் பொத்திட்டு, கொதிக்குது கொதிக்குதுன்னு எங்கிட்ட வந்தா? அனுப்பினவனுக்குத்தான் அறிவில்லன்னா, மாட்டினவருக்கும் இல்லியா?"

கோயில் வாசலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முசே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்சீட்டிலிருந்து மதாம் மெதுவாகச் சொன்னார்: "செசில் அனுப்பினது, வடிவேல்."

விரித்த கையை இறக்கி வழியைவிட்டு விலகினேன். முசே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடற்கரைச் சாலையில் அன்றும் கொதித்திருக்கும். பார்க்க நான் போகவில்லை. வீட்டில் ஆதிலட்சுமி நல்ல வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட முடியவில்லை. நோயைக் கண்டுபிடித்தவன் நான். ஆனால் நோயாளியை நடுத்தெருவில் அறைந்தவனும் நான்தான்.

திங்கள்கிழமை காலையில் கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு முசே வீட்டுக்குப் போனேன். முசே நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் அந்தத் தோல் உறை.

"மன்னிச்சுக்குங்க முசே. பாப்பா அனுப்பினதுன்னு தெரியாது."

"தெரிஞ்சா மட்டும் என்னா? அவ போன மொத வருஷம், கைச்செலவுல மிச்சம் புடிச்சு வாங்கி, ஊருக்கு வர்ற ஒரு சிப்பாய்கிட்ட குடுத்தா. அவனை அல்ஜீரியாவுக்கு அனுப்பிட்டாங்க. மூணு குளிர்காலம் கழிச்சு இப்பதான் வந்து சேந்தான். அதைப் போய் நீ..." உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நான் இதைப் போட்டுக்கிட்டுத்தான் விழுப்புரம் போவேன். நாலு டின் தண்ணி எடுத்துக்கறேன்."

"நாலு டின் இல்ல, நாற்பது டின் ஊத்தினாலும் வில்லியனூர் தாண்டாது. மூடினா கொதிக்கும் முசே."

"மூடினா கொதிக்குமா? நான் முப்பது வருஷமா கம்பளிக் கோட்டு போடறேன். நான் கொதிச்சனா?"

உள்ளே சமையலறையிலிருந்து மதாமின் குரல் வந்தது. "நீங்க கொதிக்காத நாள் எது?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முசேயின் மீசையும் ஒரு பக்கம் துடித்தது, ஆனால் சிப்பாய் அல்லவா, அடக்கிக்கொண்டார்.

"கோட்டு உடம்புக்குப் போடறது. மூக்கைப் பொத்திக்கிட்டு கடற்கரை வரைக்கும் நடந்துட்டு வாங்க பாக்கலாம்" என்றேன். "வேணாம், நான் சொல்றதை நம்ப வேணாம். ஒரே சாலை, ஒரே வெயில், ஒரே வண்டி. மாட்டிக்கிட்டு ஒரு தடவை வில்லியனூருக்குக் கிளம்புவோம். அப்புறம் கழட்டிட்டு ஒரு தடவை. வண்டியே பதில் சொல்லட்டும்."

அதற்கு அவர் மறுக்க முடியவில்லை. எட்டுப் பொத்தானையும் அவரே மாட்டினார், என்னைத் தொடவிடவில்லை. கிளம்பினோம். வண்டிக்குக்கூட என்மேல் என்ன கோபமோ, மிகச் சரியாக என் பட்டறை வாசலில் வந்து புஸ்ஸென்று ஆவி விட்டது.

"வெந்நீர் தயார்!" என்று கத்தினான் சாமிக்கண்ணு.

பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை நிழலில் தள்ளினேன். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ஈரச்சாக்கைப் போட்டுத் திருகித் திறந்து, தண்ணீர் ஊற்றினேன். முசே உறையைக் கழற்றிப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். இந்தத் தடவை நான் ஓட்டினேன். மூலக்குளம் தாண்டியது, வில்லியனூர் தாண்டியது, அதற்கப்பால் இன்னும் ஐந்து மைல் போனோம். அப்போது மணி பன்னிரண்டு. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, முசேயின் கையைப் பிடித்து வண்டியின் மூக்கருகே வைத்தேன். சூடு இருந்தது, இருக்க வேண்டிய அளவு சூடு. ஆவி இல்லை.

முசே மரத்தடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். மடியில் அந்தப் போர்வை மூட்டை.

"வந்து எறங்கினதும் இதைத்தான் தேடுவா, வடிவேலு. தெருவே நின்னு பாக்குதுன்னு எழுதியிருக்கேன். வண்டியில இது இல்லன்னா அவ முகம் எப்படி ஆவும்?"

இன்ஜினைப் பற்றி யோசித்துப் பழகிய மண்டை, மெதுவாகத்தான் வேலை செய்தது. "போற வழியில வேணாம். ஸ்டேஷன் வாசல்ல நிறுத்தினப்புறம் மாட்டுங்க. நிக்கற வண்டி கொதிக்காது. பாப்பா பாக்கட்டும். அப்புறம் தூசி படும்னு சொல்லிக் கழட்டிடுவோம். நானும் கூட வர்றேன்."

முசே நிமிர்ந்தார். "சரி. ஆனா நானும் ஒரு கடன் தீக்கணும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நேரா உன் பட்டறைக்கு வர்றேன். அந்த டீக்கடைக்காரன் முன்னாடி, பத்துப் பேர் கேக்க, தப்பு வடிவேலு மேல இல்ல, என் மேலன்னு சொல்றேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன். அன்று சாயங்காலமே சாமிக்கண்ணுவிடம் போய், "ஞாயித்துக்கிழமை காலையில கடையை மூடிடாத. உனக்கு ஒரு சேதி வருது" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்குப் போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டு வைக்கும்படி ஆதிலட்சுமியிடம் சொன்னேன்.

புதன்கிழமை இருள் பிரியுமுன் கிளம்பினோம். முசே ஓட்டினார், பக்கத்தில் மதாம், பின்சீட்டில் நானும் இரண்டு டின் தண்ணீரும் போர்வை மூட்டையும். ஒரு டின்னைக்கூடத் திறக்காமல் விழுப்புரம் போய்ச் சேர்ந்தோம். ஸ்டேஷன் வாசலில் முசே குந்தி உட்கார்ந்து பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினார். ஒரு பொத்தான் இரண்டு தடவை நழுவியது. நான் குனிந்தேன். "நீ தொடாத, எண்ணெ" என்றார். அவ்வளவு சீயக்காய் போட்டும் என் கையை அவர் நம்பவில்லை.

போட் மெயில் வந்தது. செசில் கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தாள். இடுப்பில் மூன்று வயசுப் பையன், ஆலேன். "பப்பா!" என்று ஓடிவந்து அப்பாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். முசே அழவில்லை. ஆனால் பேரனைத் தூக்கியபோது தொப்பி கீழே விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. நான்தான் எடுத்துத் தட்டி வைத்துக்கொண்டேன்.

வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்ததும் செசில் நின்றுவிட்டாள்.

"பப்பா... இதையா மாட்டியிருக்கீங்க?"

"ஏன், நல்லால்லியா?"

அவள் அந்தத் தோலைத் தடவிப் பார்த்தாள். சிரித்தாள், கண்ணில் தண்ணீர். "இது பனிக்காலத்துக்குப் போடறது பப்பா. அழகுக்குன்னு நெனைச்சு வாங்கிட்டேன். எனக்கே அடுத்த வருஷந்தான் தெரிஞ்சுது. அந்த ஆளு வந்து சேரலன்னதும் தொலைஞ்சுதுன்னு நிம்மதியா இருந்தேன். ஜனவரியில உங்க கடுதாசி வருது, தெருவே நின்னு பாக்குதுன்னு. அதுக்கப்புறம் கழட்டுங்கன்னு எப்படி எழுதறது? மூணு தடவை எழுதிக் கிழிச்சேன். இந்த வெயில்ல வண்டி கொதிச்சிருக்குமே பப்பா. நீங்க நடுத்தெருவுல நின்னிருப்பீங்களே."

"கொதிக்கறதா?" முசே நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரு நாள்கூட கொதிக்கல."

செசில் அவரை நம்பவில்லை. என் பக்கம் திரும்பினாள். "வடிவேல் அண்ணே, நீங்க சொல்லுங்க. பப்பா எனக்காகப் பொய் சொல்வாரு. வண்டி விஷயத்துல நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

உண்மைதான். மனுஷர்களிடம் பொய் சொல்லியிருக்கிறேன், பெண்டாட்டியிடம் நிறையச் சொல்லியிருக்கிறேன். இன்ஜின் விஷயத்தில் ஒரு பொய் சொன்னதில்லை. இப்போது உண்மையைச் சொன்னால் போதும், நாலு மாதம் நான் பட்டதெல்லாம் தீர்ந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முசே என்னைப் பார்க்கவில்லை. பேரனின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தார், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"கொதிக்கல பாப்பா" என்றேன். "இது பழைய இரும்பு. இதுக்கெல்லாம் அசையாது."

அவள் பெருமூச்சு விட்டாள். நாலு மாதப் பாரம் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து, சவாரிக்காக நின்றிருந்த நம்மூர் டாக்சி டிரைவர் தணிகாசலம் தூரத்திலிருந்து குரல் கொடுத்தான்: "என்னா வெந்நீரு, இங்க எங்க?"

"வெந்நீரா?" என்றாள் செசில்.

மதாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அது... நான் வெந்நீர்லதான் குளிப்பேன் பாப்பா. கத்திரி வெயிலானாலும் சரி. அதுக்குத்தான் கிண்டல் பண்றானுங்க."

"உடம்புக்கு நல்லதுதான் அண்ணே" என்றாள் அவள், வெகு அக்கறையாக. பிறகு தானே குனிந்து எட்டுப் பொத்தானையும் கழற்றி, உறையை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஊர் வந்து சேரும்வரை ஆலேன் என் மடியில் உட்கார்ந்திருந்தான். பிரெஞ்சு மட்டும் பேசுகிற பிள்ளை, அன்று கற்றுக்கொண்ட முதல் தமிழ் வார்த்தை வெந்நீர்தான். "வென்னி, வென்னி" என்று என் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தான்.

வீட்டு வாசலில் பெட்டிகளை இறக்கும்போது முசே என்னைத் தனியாக இழுத்தார். "ஞாயித்துக்கிழமை..."

"வேணாம் முசே. சாமிக்கண்ணு வாயில விழுந்தா சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா பரவிடும். பாப்பா காதுக்குப் போயிடும்."

"அப்ப உன் பேரு?"

"இருந்துட்டுப் போவுது" என்றேன். தாராளமாகச் சொல்லிவிட்டேனே ஒழிய, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையை ஆதிலட்சுமியிடம் உள்ளே வைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள், சொன்னேன். வழக்கமாக ஏதாவது சுருக்கென்று சொல்வாள். அன்று தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். சாமிக்கண்ணு அரை மணிக்கொரு தடவை, "சேதி வருதுன்னியே, வெந்நீர்ல வருதா, பச்சத்தண்ணியில வருதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். கடையில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். சேதி வரும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவன் நான்தானே.

பத்து மணிக்கு ஒரு வண்டி வந்து நின்றது. சத்தத்தைக் கேட்டே தெரிந்துகொண்டேன். லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். பின்சீட்டில் மதாம், செசில், ஆலேன். வண்டியின் முகத்தில் உறை இல்லை. முசே கம்பளிக் கோட்டும் டையும் தொப்பியுமாக இறங்கினார். சட்டையின் கைப்பட்டி வெள்ளை வெளேரென்று கோட்டுக்கு வெளியே தெரிந்தது. டீக்கடை மொத்தமும் எழுந்து பார்த்தது.

அவர் நேராக என்னிடம் வந்து வலது கையை நீட்டினார்.

"முசே, எண்ணெ" என்று என் கையைப் பின்னால் மறைத்தேன். முழங்கை வரை கறுப்பு.

அவர் கேட்கவில்லை. என் கையை இழுத்து, இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அழுத்தமாக, நீண்ட நேரம். விட்டபோது வெள்ளைக் கைப்பட்டியில் என் விரல்கள் நாலும் பதிந்திருந்தன. அவர் அதைப் பார்த்தார், துடைக்கவில்லை. வண்டியில் ஏறிக் கிளம்பினார். ஆலேன் ஜன்னல் வழியே கையை ஆட்டி, "வென்னி மாமா!" என்று கத்தினான்.

சாமிக்கண்ணு சாலையைத் தாண்டி ஓடிவந்தான். "என்னாய்யா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல" என்றேன். "போய் எல்லாருக்கும் டீ போடு. தண்ணி நல்லா கொதிக்கட்டும்."